கோடைக் கடைசியும் கைக்குழந்தையும்

காற்று மாறியதும்

கத்திரி வெயில் மே 28, 29 வாக்கில் முடிந்துவிடுகிறது. ஆனால் காலண்டரில் முடிந்த வெயில் தென்காசியில் முடிய வேண்டுமானால் காற்று மாற வேண்டும். ஜூன் 1ஐ ஒட்டிக் கேரளத்தில் பருவமழை இறங்கியதும் அதன் ஈரம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கு வரும், இலஞ்சிக்கு வரும், எங்கள் தெருவுக்கும் வரும். கொட்டும் மழை மலைக்கு அந்தப் பக்கம். எங்களுக்குக் காற்றும் தூறலும். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி முடிகிற வரை இந்த ஊருக்கு நல்ல காலம். கைக்குழந்தையை வாசலுக்குக் கொண்டுவர வருஷத்தில் இதைவிட நல்ல நாள் இங்கே கிடையாது.

மகள் பேத்தியோடு வந்திருக்கிறாள். பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்து நடக்கிறது. மகளுக்கு மாடி அறையில் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை. பகலில் பிள்ளை என்னிடம். அவள் தூங்கும்போது எழுதி வைக்கிற குறிப்புகள் இவை.

எதை நம்புகிறேன்

பிள்ளையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க என்ன செய்வது என்று இளம் தாய்மார் கேட்கிறார்கள். இந்தப் பருவத்தில் ஊரில் என்ன நடக்கிறதோ, அதன் முன்னால் பிள்ளையை உட்காரவைத்து நாமும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்பது என் எண்ணம். வேப்பமரம் பழுக்கிறது, கொடியில் சேலை பறக்கிறது, கிணற்றடித் தென்னையில் குருவி கூடு கட்டுகிறது. இதற்கெல்லாம் காசு இல்லை, ஏற்பாடு இல்லை. வேண்டியது ஒரு பெரிய ஆள், அவருடைய இரண்டு கைகள், அவசரமில்லாத அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

நேரம்

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. மாலை நான்கரைக்குமேல் விளக்கு வைக்கிற வரை. நடுவில் வீட்டுக்குள். காற்று குளிர்ந்திருந்தாலும் பதினொரு மணி வெயில் வெயில்தான். மேகம் மூடியிருந்தாலும் பிள்ளையின் தோல் சிவந்துவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் கிரீம் பூசி வெளியே கொண்டுபோவதைவிட நிழலிலேயே வைத்திருக்கத்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் நிழலும் மெல்லிய பருத்திச் சட்டையும் முதலில்.

ஒரு தடவைக்கு ஒரு காரியம். தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும். பறவை என்றால் பறவை மட்டும். கண்ணைக் கசக்கினால், காதைப் பிடித்தால், முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. மிஞ்சுகிற நேரத்தில் பால், சோறு, குளியல், துணி மாற்றுவது எல்லாம் போக விளையாட்டுக்குக் கிடைப்பது கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்தில் பத்து விஷயத்தைத் திணிக்க வேண்டாம்.

பாயும் நிழலும்

பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று வீட்டில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரை. தொட்டால் குளிர்ச்சி, வியர்வை ஒட்டாது, தட்டினால் மண் உதிர்ந்துவிடும். வேப்பமரத்தடியைப் பெருக்கிப் பாயை விரித்துப் பிள்ளையைக் குப்புற விடுகிறேன். பெருக்குவது முக்கியம். ஆனியில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கிவிடும். மஞ்சளாக, உருண்டையாக, அவள் வாய்க்குச் சரியான அளவில் கிடக்கும். ஒன்றுகூடப் பாயில் இருக்கக் கூடாது.

நேற்று அவள் செய்ததை எழுதிவைக்க வேண்டும். இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் பாயில் காசளவு வட்டமாக விழுந்திருந்தது. அதை எடுக்கப் பார்த்தாள். முதலில் உள்ளங்கையால் அமுக்கினாள். கையைத் தூக்கினால் வட்டம் கையின்மேல் இருந்தது. இன்னொரு கையால் அதைப் பிடிக்கப் போனாள். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து நிதானமாகக் கிள்ளி எடுக்க முயன்றாள். காற்று வந்தது, வட்டம் நகர்ந்தது, அவளும் முழங்காலை இழுத்துக்கொண்டு அதன் பின்னால் நகர்ந்தாள். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அந்தப் பிடி ஒன்பது, பத்து மாதத்தில்தான் வருகிறது. அதைப் பழக்கக் கடையில் சாமான் விற்கிறார்கள். அவளுக்கு ஒரு பொட்டு வெயில் போதுமாக இருந்தது.

இன்னும் தவழாத சிறு குழந்தைகளையும் விழித்திருக்கும்போது இப்படிக் குப்புறப் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரமாவது. கழுத்தும் தோளும் அப்படித்தான் உறுதிப்படுகின்றன. பிள்ளையின் முகத்துக்கு நேராக நாமும் குப்புறப் படுத்தால் அழாமல் இருக்கும்.

தாம்பாளத்தில் தண்ணீர்

பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். காலை வெயிலில் கொஞ்சம் வைத்து எடுத்தால் சில்லிப்பு போய்விடும். பிள்ளையை எதிரே உட்காரவைத்தால் முதலில் அறைவாள். தண்ணீர் முகத்தில் தெறித்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்ப்பாள். நாம் சிரித்தால் சிரிப்பாள். நாம் பதறினால் அழுவாள். ஆகவே பதறக் கூடாது.

அப்புறம் சின்னச் செம்பிலிருந்து நூலாக ஊற்ற வேண்டும். அந்த நூலைப் பிடிக்கப் பார்ப்பாள். பிடித்த கைக்குள் ஒன்றும் இருக்காது. திரும்பவும் பிடிப்பாள். நாம் அலுக்காமல் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு செம்பருத்திப்பூவைத் தாம்பாளத்தில் மிதக்கவிட்டால் அதைத் தள்ளி, திரும்பி வருகிறதா என்று பார்ப்பாள். பூ வாய்க்குப் போகிறதா என்பது மட்டும் நம் பொறுப்பு.

இரண்டு அங்குலத் தண்ணீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும். கேட் தட்டினாலும் குக்கர் கூவினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே எழுந்திருக்க வேண்டும். 'ஒரு நிமிஷம்' என்பதே கிடையாது. விளையாடி முடித்ததும் தண்ணீரை வாழைக்கு ஊற்றித் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். வாளியும் அப்படியே. தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு வளரும். அது பகலில் கடிக்கிற கொசு.

கொடியில் சேலை

துவைத்த சேலைகளைக் கொடியில் போட்டு, நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். காற்று சேலையைத் தூக்கி அவள் முகத்தில் போடுகிறது, எடுக்கிறது. நான் சேலைக்கு அந்தப் பக்கம் ஒளிகிறேன், மகள் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறாள். என் கால் சேலைக்கு அடியில் தெரிகிறது. பேத்தி குனிந்து காலைப் பார்க்கிறாள், பிறகு நிமிர்ந்து முகம் வரப்போகிற இடத்தைப் பார்க்கிறாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆச்சி அங்கேதான் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தை அறிந்துகொள்ளும் இந்தப் படியைப் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் தம் சொந்தக் குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்துத்தான் எழுதினார். நான் ஆசிரியர் பயிற்சியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம் கொடிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

காய்ந்த சேலையைவிட ஈரச் சேலை நல்லது. கனமாக, மெதுவாக அசையும். முகத்தில் பட்டால் குளிர்ச்சி. பிள்ளையின் கழுத்துயரத்தில் கொடிக்கயிறு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெயும் புகையும்

எதிர்வீட்டுப் பெரியம்மை குளிப்பாட்டுவதைப் பார்க்க வந்தாள்.

"ஏளா, மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய விடு. சாரக்காத்து அடிக்கு, சளி கட்டிரும்."

"வேண்டாம் பெரியம்மை. எண்ணெ நெஞ்சுக்குள்ள எறங்கிரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ."

"உனக்கும் உன் தங்கச்சிக்கும் நான்தான விட்டேன்?"

"நீங்க விட்டீய, நல்லாத்தான் இருந்தோம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்கும்னு சொல்ல முடியாதுல்லா. மேலுக்கு நீங்களே தேய்ச்சு விடுங்க."

பெரியம்மை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுத்தான் பிள்ளைமேல் கை வைத்தாள். தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவினாள். பேத்தி மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைப்பக்குவம் எனக்கு இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம், குளித்த பிறகு சாம்பிராணிப் புகையும் வேண்டாம். குழந்தையின் நுரையீரலுக்குப் புகை எதுவுமே ஆகாது. ஆனால் அந்தக் கை வேண்டும். பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பழக் காலம்

கோடைக் கடைசிக்கென்று இங்கே சில பழங்கள் உண்டு. மாம்பழத்தில் மற்றதெல்லாம் தீர்ந்த பிறகு நீலம் வரும். நுங்கு முற்றிக்கொண்டிருக்கும், இளநுங்கு தேடி வாங்க வேண்டும். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவிந்துவிடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு பழம் கொடுக்கலாம். நீலத்தைத் தோல் சீவி மசித்துக் கரண்டியில் கொடுக்கலாம். கையிலும் கொஞ்சம் கொடுத்து அளையவிடலாம். முகம், முழங்கை, வயிறு எல்லாம் மஞ்சளாகும். அதற்குப் பிறகு குளியல் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். நுங்கின் மேல்தோலை உரித்துவிட்டு நன்றாக நசுக்கித்தான் தர வேண்டும். வழுக்கும் துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். மங்குஸ்தானில் பெரிய சுளைக்குள் விதை இருக்கும். சதையை மட்டும் வழித்து விரலில் தொட்டு நாக்கில் வைக்கலாம். ரம்புட்டான் உருண்டையாக வழுக்குகிற பழம். இந்த வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம், தடவிப்பார்க்கக் கொடுக்கலாம். முடி முடியாக இருக்கும் அந்தத் தோலை உள்ளங்கையில் உருட்டினால் அவளுக்கு ஒரே ஆச்சரியம். தின்னக் கொடுக்கக் கூடாது.

புதுப் பழம் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் வேறு புதிது வேண்டாம். ஒத்துக்கொள்கிறதா என்று தெரிய வேண்டும். சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டியதில்லை. மலைத்தேன் என்று யாராவது பாட்டிலோடு வந்தாலும் ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூட வைக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சுநோயின் வித்து தேனில் இருக்கக்கூடும்; பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், கைக்குழந்தையின் குடல் தாங்காது.

அருவிக்குப் போவது

ஊருக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையைக் குற்றாலத்து அருவியில் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். பேரருவியின் வேகம் பெரியவர்கள் தோளையே அறைகிறது. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் அதை வாங்கி விடுவதால்தான் நாமே கீழே நிற்க முடிகிறது. பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சின்ன அருவி என்று புலியருவியைச் சொல்வார்கள். அங்கேயும் நடக்கிற பிள்ளைகள்தான் குளிக்கலாம். மடிப்பிள்ளைக்கு அது ஆகாது. மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் கூடிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிரிழந்தான். குளிக்கத் தடை என்று போலீஸ் சொன்னால் திரும்பிவிட வேண்டும்.

ஆனால் பார்க்கக் கொண்டுபோகலாம். வார நாளில், காலையில், கூட்டம் சேருமுன். ஐந்தருவிப் பக்கம் தூரத்தில் நின்றாலே காற்று பொடித்துளியைக் கொண்டுவந்து முகத்தில் தூவும். பிள்ளை முதலில் கண்ணை இறுக்கி மூடுவாள், பிறகு நாக்கை நீட்டுவாள். அந்தச் சத்தம் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும், சிலதுக்குப் பயம். பயந்தால் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். சத்தம் குறையக் குறையத் தேறிவிடும். தேறிய இடத்தில் நின்று பார்த்தால் போதும். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும். பால் பாட்டிலும் பிஸ்கட்டும் வெளியே தெரியக் கூடாது. ஈரம் பட்ட சட்டையை அங்கேயே மாற்றிவிட வேண்டும்.

எனக்கு அருவியைவிடச் சிற்றாறு பிடிக்கும். அந்த அருவித் தண்ணீர்தான் தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. படித்துறை மேல்படியில் பிள்ளையை மடியில் இறுக்கிவைத்து உட்கார்ந்தால் துணி துவைக்கிற சத்தம், வாத்து, மறுகரையில் மாடு. கால் மணி நேரம் போவது தெரியாது.

குருவி பார்ப்பது

தூக்கணாங்குருவி இந்தக் காலத்தில்தான் கூடு கட்டும். எங்கள் கிணற்றடித் தென்னையின் ஓலை நுனியில் பாதி முடிந்த கூடுகள் தொங்குகின்றன. ஆண்குருவி தலையில் மஞ்சள் ஏறி, தென்னோலையிலும் வயலிலும் நார் கிழித்துக்கொண்டுவந்து தலைகீழாகத் தொங்கியபடி பின்னுகிறது. பெண்குருவி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பிடிக்காவிட்டால் திரும்பி வருவதில்லை.

குழந்தைக்கு அவ்வளவு உயரத்தில் குருவி சரியாகத் தெரியாது. அசைகிற ஓலை தெரியும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். அவள் ஓலையைப் பார்த்தால் "ஓலை ஆடுது" என்கிறேன். அவள் காக்காயைப் பார்க்கும்போது நான் மயிலைக் காட்டி அவள் முகத்தைத் திருப்புவதில்லை. நான் சொன்னதும் என் வாயைப் பார்க்கிறாள், பிறகு திரும்ப ஓலையைப் பார்க்கிறாள். போன வாரம் வரை என் விரலை நீட்டினால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விரல் நீளும் திசையில் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது என்று ஒரு காரியம் அவளுக்கு வந்துவிட்டது. பேச்சு வருவதற்கு முன்னால் வர வேண்டியது இதுதான்.

வயலோரம்

கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் போட்டிருக்கிறார்கள். சேற்றில் டிராக்டர் போனால் பின்னாலேயே கொக்குகள் இறங்கும். வரப்பில் நடக்க வேண்டாம், ரோட்டோரம் நின்றாலே தெரியும். வெள்ளையாக எழும்பும், வெள்ளையாக உட்காரும். பிள்ளையின் கண்ணுக்கு அந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடுகிறது: கருத்த சேறு, வெள்ளைப் பறவை.

நாற்று முளைத்து நான்கு விரல் உயரம் வந்ததும் வயலுக்குரியவரிடம் கேட்டுவிட்டு அதன்மேல் பிள்ளையின் உள்ளங்கையைத் தடவவிட்டேன். கூச்சத்தில் விரலை மடக்கினாள். திரும்ப நீட்டினாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டால் போதும்.

பெரியாழ்வார் பார்த்தது

ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து தூரமில்லை. அங்கே இருந்த பெரியாழ்வார் கண்ணனைக் கைக்குழந்தையாக வைத்துப் பாடிய திருமொழியில் தாலாட்டு உண்டு, நிலாவை அழைப்பது உண்டு, செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை நடப்பது உண்டு. எண்ணெய் தேய்த்து நீராட அழைக்க ஒரு பதிகம். தலை வாரக் காக்கையைக் கூப்பிட ஒரு பதிகம். பூச்சி காட்டி விளையாட ஒரு பதிகம். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்று பத்துப் பருவமாக இது வளர்ந்தது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கிக் காற்றில் கீரைச்செடி ஆடுவதுபோல ஆடுவது செங்கீரை என்பார்கள். ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி.

குழந்தை ஒரு நாளில் செய்கிற சின்னச் சின்னக் காரியங்களைத் தெய்வத்துக்குச் செய்யும் பாட்டுக்குப் போதுமான விஷயம் என்று இவர்கள் நினைத்தார்கள். நாமும் அந்த மரியாதையோடு பார்க்கலாம். பேத்திக்குச் சரியாகச் சப்பாணிக் காலம். கைகொட்டச் சொன்னால் கொட்டுகிறாள். ஒரு கை மற்றதைத் தேடிப் போய்ச் சில சமயம் தவறிவிடுகிறது. அப்போது என் கையை இழுத்து அதில் கொட்டிக்கொள்கிறாள்.

தலை வாரும்போது காக்காயைக் கூப்பிடுகிறேன். வேலை நடக்கிறது. காக்காயும் சுவரில் வந்து உட்காருகிறது, இட்லித் துண்டுக்காக.

உள்ளங்கை விளையாட்டு

பருப்புக் கடைவது. பிள்ளையின் உள்ளங்கையில் நம் முழங்கையை வைத்துக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, ஆச்சிக்கு, தாத்தாவுக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கிப் பங்கு வைத்து, கடைசியில் கையிலிருந்து அக்குள் வரை விரலால் ஏறிக் கிச்சுக்கிச்சு மூட்டுவது. இப்போது நான் முழங்கையை உள்ளங்கையில் வைத்ததுமே அவள் அக்குளை இறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்குகிறாள். முடிவு அவளுக்குத் தெரியும். தெரிந்த முடிவுக்குக் காத்திருப்பதுதான் அவளுக்கு இன்பம். எத்தனை தடவை கேட்டாலும் அதே வரிசையில், அதே வேகத்தில் செய்ய வேண்டும்.

ஓலைக் கிலுகிலுப்பை

பனையோலையில் கிலுகிலுப்பை முடைகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே சின்னக் கல்லோ விதையோ இருக்கும். வாங்குமுன் முடைச்சலில் இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஓலை விளிம்பைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும், கீறினால் வேண்டாம். சாயம் ஏற்றாததே நல்லது. எச்சில் பட்டு முடைச்சல் தளர்ந்துவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பும் அழகு. அதில் குட்டிச் சாமான்கள் நிறைய. மூன்று வயது வரை பெட்டிக்குள் இருக்கட்டும்.

சாரல் அடிக்கும்போது

சாரல் இந்த ஊரில் கொட்டுவதில்லை, தூவும். பத்து நிமிஷம் தூவும், வெயில் அடிக்கும், திரும்பத் தூவும். திண்ணையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஓட்டு நுனியில் சொட்டுவதைப் பார்ப்போம். கையை நீட்டிப் பிடித்தால் சொட்டு உள்ளங்கையில் விழும். அடுத்த சொட்டுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் அவள் அசையாமல் காத்திருக்கிறாள். மண் மணம் வந்ததும் மூக்கைச் சுளிக்கிறாள். தலையில் நாலு துளி விழுந்ததற்காகச் சளி பிடித்துவிடாது. துவட்டிச் சட்டை மாற்றினால் போதும். குளிர்காற்றுக்கு ஒரு கூடுதல் சட்டை. கம்பளியில் சுற்றிப் புழுங்கவைக்க வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப்பார்த்தால் குளிரா புழுக்கமா என்று தெரிந்துவிடும்.

ஆடிக் காற்று

ஆடியில் அம்மியும் நகரும் என்பது இங்கே பழமொழி மட்டுமில்லை. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் இரவு பகலாகச் சுற்றும். பிள்ளைக்குப் பனையோலைக் காற்றாடி செய்து காட்டினோம். ஈர்க்கில் கூர் இருப்பதால் நம் கையில்தான் இருக்க வேண்டும். காற்றுக்கு எதிரே பிடித்தால் ஓடும், திருப்பினால் நிற்கும். இரண்டாவது தடவை நிறுத்தியபோது அவள் கையை ஆட்டி ஓடவிடச் சொன்னாள். புழுதி கிளம்பும் நாளில் மட்டும் உள்ளேயே இருந்துகொள்ள வேண்டும். கண்ணில் மண் விழுந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

படம் எடுப்பது

மகள் சாயங்காலம் கேட்கிறாள், "எம்மா, ஒரு போட்டோ கூட எடுக்கலியா?" ஒன்று எடுத்தால் போதும், முதலிலேயே எடுத்துவிட்டுப் போனை உள்ளே வைத்துவிடு என்கிறேன். போனைப் பிடித்திருக்கும் கை பிள்ளையைப் பிடிக்காது. நம் கண்ணும் திரையில் இருக்கும். அவள் ஓலையிலிருந்து திரும்பி நம் முகத்தைத் தேடும்போது அங்கே முகம் இருக்காது. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. சோறு ஊட்டும்போதும் அப்படித்தான். வாசலில் மாடு போகும், காய்கறி வண்டி வரும். ஊட்டுவதற்கு அது போதும்.

உடம்பைக் கவனிக்க

காற்று குளிர்ந்தாலும் பகல் சூடு இன்னும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனால், வாய் உலர்ந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அதற்குள் தாய்ப்பாலே தண்ணீர். வேர்க்குருவுக்குப் பவுடர் அப்ப வேண்டாம், குளித்துக் காற்றாட விட்டால் அடங்கும். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிஷம்கூடக் குழந்தையை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சென்னைக்குத் திரும்பும் மகளுக்கு

ஆடி முடிந்தால் நீ கிளம்பிவிடுவாய். அங்கே சாரல் இல்லை, அடுக்குமாடி இருக்கிறது என்பாய். பால்கனியில் கொடி இருக்கிறது. துணி காயும்போது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள். சாயங்காலம் கடல்காற்று ஏறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு அந்த நேரத்துக்கு ஆபீஸ் அழைப்பு எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஆவணியிலும் அங்கே சில சாயங்காலம் இடியோடு மழை வரும். ஜன்னலுக்குள் நின்று இரண்டு பேரும் பாருங்கள். தாம்பாளத்தை எடுத்துப்போ. பாயையும் சுருட்டி வைத்திருக்கிறேன். கிழக்குப் பார்த்த அறையில் காலையில் வெயில் பொட்டு விழும் இடத்தில் அதை விரி. மாப்பிள்ளையிடம் பருப்புக் கடைகிற வரிசையைச் சொல்லிக்கொடு, அம்மாவுக்கு முதலில், அப்பாவுக்கு அடுத்தது. வரிசை மாறினால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். தினமும் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒன்றைச் செய், தரையில் உட்கார்ந்து செய்.